படிவத்தின் ஏழாவது கட்டம்

படிவத்தின் ஏழாவது கட்டத்தை நிரப்பியது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். கடைசியில் எழுதலாம் என்று விட்டால், அதற்குள் எனக்குச் சாதகமான காரணங்களை அடுக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

1975ஆம் வருடம் மாசி மாதம் தஞ்சாவூரில் நடந்த கைத்தொழில், வேளாண்மைக் கண்காட்சியில் கடை போட எங்கள் ஆலங்கொல்லை மாதர் சங்கத்துக்கு இடம் கிடைத்தது. சங்கத்தை நடத்துகிற காத்தாயி அக்கா விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னாள். பகலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் அவளோடு போகிறவள் நான். மாலையில் திருத்துறைப்பூண்டிக்குப் பஸ் ஏறி, ஆறு மணி முதல் எட்டு மணி வரை தட்டச்சும் கடிதம் எழுதும் முறையும் படிக்கிறேன். அந்த வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பும் எழுதி வருகிறேன். எங்கள் தெருவுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் "விண்ணரசிகிட்ட குடு" என்பார்கள். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஆகிவிடாது.

ஏழாவது கட்டத்தில் "மூலப்பொருள் பெறப்படும் இடம்" என்று அச்சடித்திருந்தது. நான் என் நல்ல கையெழுத்தில் "இளையபெருமாள் பண்ணை வயல், ஆலங்கொல்லை" என்று எழுதினேன். மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

அந்த வயல் இரண்டு வருடமாகக் காத்தாயி அக்காவுடையது. நில உச்சவரம்புச் சட்டப்படி பண்ணையிடமிருந்து அரசாங்கம் எடுத்த நிலத்தை எங்கள் தெருவில் ஒன்பது குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பண்ணையில் உள்ளதிலேயே பள்ளமான பகுதி அது. ஐப்பசி, கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். இருந்தாலும் நிலம் நிலம்தான். பண்ணை வழக்குப் போட்டது. பட்டா காகிதத்தில் யார் பெயர் இருந்தாலும் பயிர் வைப்பது தாங்கள்தான் என்பது பண்ணையின் வாதம். ஊர் நிலக்கணக்கு எழுதுகிற கர்ணமும் அடங்கல் பதிவேட்டில் சாகுபடி செய்தவர் என்ற இடத்தில் வருடா வருடம் பண்ணையின் பெயரையே எழுதி வருகிறார். பங்குனியில் விசாரணை. "நீங்கள்தான் உழுது விதைக்கிறீர்கள் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமாவது கொண்டு வாருங்கள்" என்று தஞ்சாவூர் வக்கீல் கடிதம் போட்டிருந்தார். அதை அக்காவுக்குப் படித்துக் காட்டியதும் நான்தான்.

எல்லாம் தெரிந்திருந்தும் அப்படி எழுதினேன். ஏனென்றால் எங்கள் தெருவில் யாரும் அந்தப் பக்கத்தை வேறு பெயரால் சொல்வதில்லை. பட்டா வாங்கியவர்கள்கூட "பண்ணை வயலுக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் கிளம்புகிறார்கள். வாய் சொல்லிப் பழகியதைக் கை எழுதிவிட்டது. இதற்கு மேல் என்னால் விளக்கம் சொல்ல முடியவில்லை.

நாங்கள் விற்கப் போனது கதிர்த் தோரணம். நெல் முழுதாக முற்றுவதற்குச் சில நாள் முன்பு, தாளோடு சேர்த்துக் கதிரை நீளமாக அறுத்து, நிழலில் காயவைத்து, ஈரத்துணியில் சுற்றிப் பதமாக்கி, சடை பின்னுவதுபோலத் தலைகீழாகப் பின்னுவோம். மேலே வாழைநாரால் முடிச்சு. கீழே நெல்மணிகள் குஞ்சமாகத் தொங்கும். வீட்டு வாசலிலும் கோயில் மண்டபத்திலும் குருவிகளுக்காகக் கட்டுவார்கள். எங்கள் ஊரில் அறுப்புக்குப் போகிற எல்லாப் பெண்களுக்கும் பின்னத் தெரியும். அதைக் கல்யாணப் பந்தலுக்கும் பள்ளிக்கூட விழாவுக்கும் கேட்டு வாங்குகிற மாதிரி ஆள் உயரத்துக்கு, மூன்றடுக்காக, நடுவில் சக்கரம் வைத்துப் பின்னலாம் என்று யோசித்தது காத்தாயி அக்கா.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாங்கள் மூன்று பேர் தஞ்சாவூரில் இறங்கினோம். அக்கா, கண்ணாத்தாள், நான். கண்ணாத்தாளுக்கும் அந்தப் பள்ளத்தில் அக்காவின் வயலை ஒட்டி ஒரு துண்டு உண்டு. எங்களுக்குக் கொடுத்தது நாற்பத்து மூன்றாம் எண் கடை. சவுக்குக் கால், கீற்றுக் கூரை, மூன்று பக்கமும் தட்டி, முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய மேசை. செய்ய வேண்டிய வேலைகளைப் பதினொரு வரியாக எழுதி வைத்திருந்தேன். முதல் வரி "மூட்டையைப் பிரிப்பது." அக்கா மூட்டையைத் தொடவே இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு கண்காட்சியின் வாசலுக்குப் போனாள். அங்கிருந்து எங்கள் கடை வரைக்கும், இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நடக்கிற வேகத்தில் நடந்தாள். திரும்பிப் போய் மறுபடியும் நடந்தாள். மூன்றாவது முறை, முப்பத்தெட்டாம் எண் கடைக்கு எதிரில் நின்றாள். சாயங்கால வெயில் கண்ணில் படுவதால் இந்த இடத்தில் எல்லோரும் முகத்தை இடப்பக்கம் திருப்புவார்கள், அப்போது நம் கடையின் பக்கத் தட்டிதான் தெரியும், சரக்கு தெரியாது என்றாள். நேராகப் போய்ப் பந்தல்காரரிடம் கேட்டு அந்தத் தட்டியைக் கழற்ற வைத்தாள்.

மேசையையும் பின்னால் தள்ளச் சொன்னாள்.

"அதுக்குப் பின்னால நின்னா தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி இருக்கும். சனங்க மனுவோட வந்துருவாங்க" என்றாள்.

பிறகு மூங்கிலை மூன்று உயரத்தில் குறுக்கே கட்டினாள். பெரியவை தலைக்கு மேல், நடுத்தரமானவை கண்ணுக்கு நேர், சின்னக் குஞ்சங்கள் குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில். மத்தியானக் காற்றில் கதிர் காய்ந்து மணி உதிரும் என்பதால் மேற்குப் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டாள். என் பதினொரு வரியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இரவு நாட்குறிப்பில் அந்தப் பட்டியலை அடித்துவிட்டு, அவள் செய்ததை வரிசையாக எழுதிக்கொண்டேன்.

எங்களுக்கு நேர் எதிரில் வேளாண்மைத் துறையின் கடை. கண்ணாடிப் பெட்டியில் ஒரு நெற்கட்டும் பக்கத்தில் பளபளப்பான கேடயமும் வைத்திருந்தார்கள். அட்டையில் எழுதியிருந்ததை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "இளையபெருமாள் பண்ணை, ஆலங்கொல்லை. ஐ.ஆர். இருபது. பண்ணை முழுவதும் உயர்விளைச்சல் ரகம் பயிரிட்டமைக்காக." அக்கா பெட்டியருகில் போய்க் குனிந்து கதிரைப் பார்த்தாள். நல்ல மணி, நல்ல பிடி என்றாள். பொறாமை இல்லாமல் சொன்னாள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

கண்காட்சி விதிப்படி ஒவ்வொரு கடையின் முன்னாலும் விண்ணப்பப் படிவத்தின் நகல் தொங்க வேண்டும். எங்கள் நகலைச் சவுக்குக் காலில் கட்டினேன். உள்ளே போகும்போதும் வரும்போதும் என் கையெழுத்தைப் பார்த்துக்கொள்வேன். அக்காவுக்கும் கண்ணாத்தாளுக்கும் படிக்கத் தெரியாது.

புதன்கிழமை காலை கடை திறந்து அரைமணி நேரத்தில் குருவிகள் வந்துவிட்டன. கோட்டைச் சுவர்ப் பக்கமிருந்து பத்துப் பதினைந்து, நேராக நடு வரிசைக்கு. கண்ணாத்தாள் துண்டை வீசி விரட்டினாள். விரட்டினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் வந்தன. அக்கா ஒரு தோரணத்தை எடுத்துக் கடைக்கு வெளியே தனிக் கம்பில் கட்டினாள். குருவிகள் எல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொண்டன. அவற்றைப் பார்க்க ஜனங்கள் நின்றார்கள். நின்றவர்கள் உள்ளே பார்த்தார்கள். கண்காட்சி அலுவலர் லூர்துராஜ் சார் வந்து, உமி சிந்துகிறது, சுத்தம் போதாது என்றார். அன்று முதல் மணிக்கொரு தரம் கூட்டுவது என் வேலையாயிற்று.

அக்கா கூவி விற்கவில்லை. நடுவில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருந்தாள். யாராவது நின்று பார்த்தால், கடைசி முடிச்சுக்கு முன்னால் கையை நிறுத்தி, வாழைநாரின் நுனியை அவர்களிடம் நீட்டுவாள். "இழுங்க, நல்லா இழுங்க" என்பாள். முடிச்சை இழுத்தவர் அந்தத் தோரணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனதை நான்கு நாளில் இரண்டு தடவைதான் பார்த்தேன். பக்கத்துக் கடையில் பாய் விற்ற ஷம்சாத் அக்கா, இந்த வித்தை பாய்க்கு ஒத்துவராதே என்று பெருமூச்சு விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் இளையபெருமாள் பண்ணையின் ஏஜெண்ட் குஞ்சிதபாதம் வந்தார். எதிர்க்கடையில் கேடயத்தைப் பார்க்கத்தான் வந்திருந்தார். திரும்பும்போது எங்களைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சவுக்குக் காலில் தொங்கிய படிவத்தைச் சத்தமாகப் படித்தார். ஏழாவது கட்டத்தை இரண்டு முறை படித்தார்.

அக்கா அந்த வரியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கை பின்னுவதை நிறுத்தியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். 

அவர் எங்களோடு சண்டை போடவில்லை. நேராக அலுவலகக் கொட்டகைக்குப் போனார். கால்மணி நேரத்தில் லூர்துராஜ் சார் கோப்போடு வந்தார், பின்னால் ஏஜெண்ட். பண்ணை வயலில் விளைந்ததை அனுமதியில்லாமல் விற்கிறார்கள் என்று எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறார், விசாரிக்கிற வரைக்கும் கடையை மூட வேண்டும் என்றார். அதோடு படிவத்துக்கு முத்திரை வைத்த நகல் ஒன்றும் கேட்டிருக்கிறார் என்றார். நகல் எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. பங்குனி விசாரணையில் அதை நீட்டினால் போதும். நிலம் பண்ணையின் அனுபவத்தில்தான் இருக்கிறது என்று பட்டாதாரர்களே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது குடும்பங்களும் என் நல்ல கையெழுத்தால் போகும்.

"நான் புதுசா ஒண்ணும் சொல்லல காத்தாயி. நீங்க எழுதிக் குடுத்ததத்தான் சொல்றேன்" என்றார் ஏஜெண்ட்.

அக்கா எழுந்தாள். முந்தானையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டாள். முக்காலியைத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஒக்காருங்க ஏஜெண்டய்யா. வெயில்ல வந்திருக்கீங்க. கேடயம் வாங்குனீங்களாமே, ஊர்ல ஒருத்தருகூடச் சொல்லலயே."

அவர் உட்கார்ந்தார். கேடயத்தைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காலையிலிருந்து காத்திருந்த மனிதர்போல இருந்தது. ஆறு வருட உழைப்பு என்றார். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பாதி பழைய நெல்லும் பாதி புதிய நெல்லுமாகப் போட்டு ஏமாற்றுகிறார்கள், கேடயம் அவர்களுக்குப் போகாததற்கு அதுதான் காரணம் என்றார். இதற்குள் கடையைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. எதிர்க்கடையின் வேளாண்மை அதிகாரியும் தன் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பழைய நெல்லு கொஞ்சங்கூடப் போடலயா நீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"ஒரு பிடி கெடையாது. விதைக்குன்னு வைக்கோல்ல கோட்டை கட்டி வச்சிருந்த நெல்லக்கூட அவிச்சுத் தின்னாச்சு. வாய்க்கால் தலைப்புலேந்து கடைசி வரப்பு வரைக்கும் ஐ.ஆர். இருபதுதான். சந்தேகமிருந்தா தோ, சாரைக் கேளு."

வேளாண்மை அதிகாரி ஆமாம் என்று தலையாட்டினார். தானே நேரில் வந்து பார்த்துத்தான் கேடயத்துக்குச் சிபாரிசு செய்ததாகச் சொன்னார்.

அக்கா அவரிடம் போய்ப் பெட்டியிலிருந்து மூன்றே மூன்று கதிர் கேட்டாள். அவர் யோசித்துவிட்டுக் கொடுத்தார். அவற்றை ஈரத்துணியில் ஒரு நிமிஷம் சுற்றி எடுத்து, எல்லோரும் பார்க்கப் பின்னினாள். இரண்டு சுற்றுத்தான் வந்தது. தாள் முடிந்துவிட்டது. கையை எடுத்ததும் பிரிந்துகொண்டது.

"மொட்டை எறக்குன புள்ளைக்கு ரிப்பன் கட்டுறியாடி?" என்றாள் கண்ணாத்தாள். கூட்டம் சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. நாங்கள் கொண்டு வந்திருந்த கதிர்க்கட்டிலிருந்து ஒரு கதிரை உருவி லூர்துராஜ் சாரிடம் கொடுத்தாள். அவர் அதைத் தூக்கிப் பிடித்தார். தரையிலிருந்து அவர் நெஞ்சுவரை இருந்தது.

"சார், அவங்க நெல்லு நல்ல நெல்லு. சாப்பாட்டுக்கு ஆகும். தாள் குட்டை, பின்ன ஆவாது. இது ஒட்டடையான். இடுப்புத் தண்ணி நின்னாலும் அதுக்கு மேல தலையத் தூக்கிக்கிட்டு நிக்கும். பள்ளத்துக்கு இது ஒண்ணுதான் தாங்கும்." பிறகு முக்காலியில் இருந்தவரைப் பார்த்துத் திரும்பினாள். "ஏஜெண்டய்யா, இது உங்க பண்ணையில எந்த மடையில வெளஞ்சுதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கதிரைப் பார்த்தார், எதிரில் இருந்த கேடயத்தைப் பார்த்தார். வேளாண்மை அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கள் பண்ணையுடையது என்று சொன்னால் கேடயம் பொய். தங்களுடையது இல்லை என்றால் புகார் பொய். பாவம், நல்ல கணக்குப்பிள்ளை அவர்.  கடைசியில், இது பண்ணை நெல் இல்லைதான், படிவத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது, அதைக் கேட்கத்தான் வந்தேன் என்றார்.

லூர்துராஜ் சார் சட்டம் தெரிந்தவர். எழுத்தில் வந்த புகாருக்கு எழுத்தில்தான் முடிவு வேண்டும் என்றார். "43ஆம் எண் கடையில் உள்ள ஒட்டடையான் கதிர்கள் எங்கள் பண்ணையில் விளைந்தவை அல்ல" என்று ஏஜெண்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேளாண்மை அதிகாரி சாட்சி போட்டார்.

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "ஏழாவது கட்டம் நான் எழுதுனது சார். தப்பா எழுதிட்டேன்" என்றேன். பதிவான படிவத்தில் அடித்துத் திருத்த முடியாது, தனி வாக்குமூலம் எழுதி அதோடு சேர்த்துக் குத்த வேண்டும் என்றார். என்னையே எழுதச் சொன்னார். 

"வயலின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். இந்தத் தடவை வாயில் வந்ததை எழுதத் தைரியம் இல்லை.

"பேரு இன்னும் வைக்கல சார். நம்பரைப் போடச் சொல்லுங்க" என்றாள்.

பிறகு அவள் சொன்னாள். படிக்கத் தெரியாத காத்தாயி அக்கா, ஒரு இடத்திலும் நிற்காமல் சொன்னாள். சர்வே எண் நூற்றுப் பதினாலில் இரண்டு. ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட். வடக்கே வடிகால் வாய்க்கால். தெற்கே ஐயாவு வயல். கிழக்கே கண்ணாத்தாள் வயல். எழுதிக்கொண்டே வந்த நான் நிமிர்ந்தேன். கண்ணாத்தாள் ஏதோ கேலி பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். ஐயாவுவும் அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான். ஆனால் ஐயாவு வயல் என்றோ கண்ணாத்தாள் வயல் என்றோ எங்கள் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பட்டா கையில் இருந்த இரண்டு வருடமும் கேட்டதில்லை.

"மேற்கே?" என்றார் லூர்துராஜ் சார்.

"மேற்கே இளையபெருமாள் பண்ணை வயல். அது அவங்களோடது. அதுல தப்பில்லாம எழுது விண்ணு."

எழுதினேன். அக்கா பெருவிரலை மையில் உருட்டிக் கைநாட்டு வைத்தாள். முழுவதும் ஒருமுறை படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு, ஏஜெண்டய்யா எழுதியதும் இதுவும் சேர்ந்து முத்திரை வைத்து எங்களுக்கும் ஒரு நகல் வேண்டும் என்று கேட்டாள். ஏஜெண்ட் அதற்குள் போய்விட்டிருந்தார். வக்கீல் கேட்ட துண்டுக் காகிதம் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் எதற்குக் கேட்கிறாள் என்று லூர்துராஜ் சாருக்கும் புரிந்திருக்க வேண்டும். "உங்களுக்கும் உரிமை உண்டும்மா" என்று சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து நகல் எடுத்து முத்திரை வைத்துக் கொடுத்தார்.

கடையைத் திரும்பத் திறக்கும்போது நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். வாக்கியத்தை மனத்துக்குள் சரிசெய்து வைத்திருந்தேன். அவள் பாதியிலேயே தடுத்தாள்.

"நீ மட்டுமா சொன்ன? காலையிலகூட நான் கண்ணாத்தாகிட்ட பண்ணை வயல்னுதான் சொன்னேன். ஆனா நீ எழுதுனா அது நிக்கும் புள்ள. அத மட்டும் ஞாபகம் வச்சுக்க."

கண்காட்சியில் ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய கூட்டம் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அந்த நாளுக்காகத்தான் ஆள் உயரத் தோரணங்கள் ஏழையும் அக்கா வெளியே எடுக்காமல் வைத்திருந்தாள். வக்கீலோ ஞாயிறு காலையில் மட்டும்தான் வீட்டில் ஆட்களைப் பார்ப்பார். அன்று காலை அக்கா அரைமணி நேரத்தில் ஏழு தோரணத்தையும் மூங்கிலில் கட்டி முடித்தாள். நகலை மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டு வக்கீல் வீடு இருக்கும் மேலவீதிக்கு நடந்தே போனாள். எப்போது வருவேன் என்று சொல்லத் தெரியாது என்றாள்.

கண்ணாத்தாள் பின்ன, நான் ஜனங்களோடு பேசினேன். எனக்குப் பேச வராது. என்ன சொல்ல வேண்டும் என்று காலையில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்க்கவும் நேரமில்லை. வாழைநாரை எப்போது நிறுத்தி எப்போது நீட்டுவது என்பது அக்காவின் கைக்குத்தான் தெரியும். நான் நீட்டினால் சிலர் இழுத்தார்கள். சிலர் வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

பதினொரு மணிக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். மகள் கல்யாணப் பந்தலுக்காக மூன்றடுக்குத் தோரணம் இரண்டு எடுத்து வைக்கச் சொன்னார். கதிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எங்கே விளைந்த நெல் என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும்.

நான் சர்வே எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். பரப்பு, வடக்கே வாய்க்கால், தெற்கே ஐயாவு வயல், கிழக்கே தோ உட்கார்ந்திருக்கிறார்களே இவர்களுடைய வயல் என்று ஒன்று விடாமல் சொன்னேன். மேற்கையும் சொன்னேன். இது அதிகப்படி என்று பாதியிலேயே எனக்குத் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. டீச்சர் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையிடம் நிற்பதுபோல, கடைசிவரை நின்று கேட்டார்.